சேலம் சூனிய வழக்கை வரப்பிலிருந்து படிப்பது எப்படி

இது நம்ம சேலம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆங்கிலேயர் குடியேறிய அமெரிக்க மாசசூசெட்ஸில், 1692இல் நடந்தது. சூனியம் வைத்ததாகப் பலர் மீது புகார் வந்து, விசாரணை நடந்து, உயிர்கள் போயின. அங்கும் சேலம் இரண்டு: துறைமுகப் பட்டணம் ஒன்று, உழவர் கிராமம் ஒன்று. வழக்கு மூண்டது கிராமத்தில். இன்று அதன் பெயர் டான்வர்ஸ்.

கோபி, தாராபுரம் பக்கத்து வாசிப்பு வட்டத்துக்கு ஒரு சார்ட் தாள், மூன்று நிற ஸ்கெட்ச் பேனா, இரண்டு மணி நேரம் போதும். சூனியத்தால் வந்ததாகச் சொல்லப்பட்ட சிறுமிகளின் வலிப்பில் தொடங்காதீர்கள். நோயா நடிப்பா என்ற பேச்சிலேயே பொழுது போய்விடும். தாளில் நான்கு பத்தி (நெடுவரிசை) போடுங்கள்: குற்றம் சாட்டப்பட்டவர், புகாரில் கையெழுத்திட்டவர், இருவருக்கும் இருந்த பழைய பகை, முடிவு.

பச்சையில் நிலம். முதலில் சாரா ஆஸ்பர்ன். கணவர் ராபர்ட் பிரின்ஸ் 150 ஏக்கரை இரண்டு மகன்களுக்கு எழுதிவைத்து, புட்னம் குடும்பத்தாரைப் பொறுப்பாக வைத்துவிட்டு இறந்தார். சாரா தன் பண்ணையாளையே மறுமணம் செய்துகொண்டு, நிலத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அவர் மீதான புகாரில் கையெழுத்திட்ட நால்வரில் தாமஸ், எட்வர்ட் இருவரும் புட்னம் வீட்டு அண்ணன் தம்பி. சாரா மே மாதம் சிறையிலேயே இறந்தார். இட்டேரிக்கும் பொதுக் கிணற்றுக்கும் கோர்ட் ஏறிய நம்மவர்களுக்கு இந்த வரி உடனே புரியும்.

நீலத்தில் ஊர்க்கட்சி. 1691 அக்டோபரில் தேர்வான ஊர்க்குழு, கிராமப் பாதிரியார் சாமுவேல் பாரிஸின் சம்பளத்துக்கு வரி வசூலிக்க மறுத்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் வீட்டில் வலிப்பு தொடங்கியது.

சிவப்பில் மேலிடம். குடியேற்றத்தின் சாசனம், அதாவது அதன் ஆட்சி உரிமைப் பத்திரம், 1684இலேயே ரத்தானது. புதுச் சாசனத்தோடு ஆளுநர் ஃபிப்ஸ் வந்தது 1692 மே மாதம். அதற்குள் சிறைகள் நிரம்பியிருந்தன. அவர் அமைத்த தனி நீதிமன்றம், 'அவளுடைய ஆவி என்னைக் கிள்ளியது' என்பதையும் சாட்சியாக ஏற்றது. அக்டோபரில் அதைக் கலைத்தார். அதற்குள் 19 பேர் தூக்கில். குற்றம் சாட்டப்பட்ட கைல்ஸ் கோரி கல் ஏற்றி நசுக்கப்பட்டார்.

வழுக்குகிற இடங்கள்: சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. தாமஸ் புட்னம் வீட்டில் ஆன் புட்னம் என்ற பெயர் தாய்க்கும் உண்டு, மகளுக்கும் உண்டு. வயதைச் சேர்த்தே எழுதுங்கள். அன்று புத்தாண்டு மார்ச் 25. பிப்ரவரி ஆவணத்தில் '1691/92' என்றிருந்தால் அது 1692தான். இதைக் கவனிக்காவிட்டால் சம்பளத் தகராறுக்கு முன்பே கைது நடந்ததாகத் தாளில் வந்துவிடும்.

பகைப் பத்தி காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். குற்றம் சாட்டப்பட்ட சாரா குட் பிச்சையெடுத்துப் பிழைத்தவர். அவரிடம் பிடுங்க நிலமே இல்லை.