விட்ட ஓட்டத்தை மீண்டும் பிடிப்பது எப்படி?

மூன்று வருடம் ஓடாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் காலை ஷூவைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் நாளே 5 கிலோமீட்டர். மூச்சு வாங்கியது, ஆனால் முடித்துவிட்டேன். 'பரவாயில்லையே, உடம்பு இன்னும் மறக்கவில்லை' என்று ஒரே பெருமை. இரண்டாவது வாரம் 7, மூன்றாவது வாரம் 10. அந்தப் பத்தில் ஒன்பதாவது கிலோமீட்டரில், கெண்டைக்காலில் யாரோ கல்லெறிந்தது போல ஒரு வலி. திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஆளே இல்லை. நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த ஆறு வாரம் மாடிப்படி இறங்குவதே பெரும்பாடாகிவிட்டது.

அன்று எனக்குத் தெரியாமல் போனது ஒரே ஒரு விஷயம்தான். மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும், கால் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.

பயிற்சியை நிறுத்திய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறையத் தொடங்குகிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவும் குறைகிறது. நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களைச் சும்மா இருக்கச் சொல்லி 1980-களில் செய்த ஓர் ஆய்வில், அவர்களுடைய விஓ2 மேக்ஸ் (உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன்) மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதமும், எட்டு வாரத்தில் சுமார் 16 சதவீதமும் இறங்கியது. இப்படி வேகமாக இறங்குவதில் பெரும்பகுதி, மறுபடி ஓட ஆரம்பித்தால் வேகமாகவே ஏறும். சில வாரங்களில் மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்துவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், எலும்பும் அப்படியல்ல. பழைய பாரத்தைத் தாங்கும் உறுதி அவற்றுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். 'என்னால் முடிகிறதே' என்று மூச்சு சொல்லும் நாட்களில்தான் கால் அடிவாங்குகிறது. முன்பு ஓடியவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் பழைய வேகம் தலைக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இடைவெளியைக் கடப்பதற்குத்தான்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. நெஞ்சுவலி, தலைசுற்றல், மயக்கம், இதயக் கோளாறு, சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றில் ஏதாவது இருந்தாலோ, பல வருடமாக உடம்பை அசைக்காமல் இருந்திருந்தாலோ, முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஷூ அதற்குப் பிறகு.

படி 1: வாரத்தைத் தாளில் எழுதுங்கள்

பயிற்சித் திட்டத்தை எழுதச் சொல்லவில்லை, உங்கள் வாரத்தை எழுதச் சொல்கிறேன். அலுவலகம், பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவது, பெற்றோருக்கு மருந்து, வாரக் கடைசியில் வரும் வேலைகள் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்வார்கள்: இணையத்தில் கிடைத்த ஐந்து நாள் திட்டத்தை எடுத்து, அதற்குள் வாழ்க்கையைத் திணிக்கப் பார்ப்பார்கள். அந்த ஆரம்ப சூரத்தனம் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

உங்களுக்கு வேண்டியது மூன்று இடைவெளிகள். ஒவ்வொன்றும் 50 நிமிடம், முடிந்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள். பயிற்சி பெரும்பாலான வாரங்களில் சுமார் 35 நிமிடம்தான். ஆனால் ஷூ கயிறு கட்டுவது, ஒற்றைக் காலுறையின் ஜோடியைத் தேடுவது, வந்து வியர்வை அடங்கக் காத்திருப்பது, குளிப்பது எல்லாம் சேர்ந்தால் 50 ஆகிவிடுகிறது. இந்த 15 நிமிடத்தைக் கணக்கில் விட்டதால்தான் நான் பல நாள் காலைக் கூட்டங்களுக்கு ஈரத் தலையோடு உட்கார்ந்தேன்.

வீட்டில் இருப்பவர்களிடம் இந்த மூன்று இடைவெளிகளையும் சொல்லிவிடுங்கள். 'நான் கொஞ்சம் ஓடிட்டு வந்துடறேன்' என்று வாசலில் நின்று சொல்வதற்கும், 'செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை ஆறிலிருந்து ஆறு ஐம்பது வரை நான் இருக்க மாட்டேன், புதன், சனி உனக்கு' என்று முன்கூட்டியே பேசிவைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவதில் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கிறீர்கள். இரண்டாவதில் மற்றவருக்கும் ஒரு நேரம் கிடைக்கிறது.

படி 2: இரண்டு வாரம் நடை மட்டும்

இதைச் சொன்னால் முன்பு ஓடியவர்கள் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தேன், பிறகு ஆறு வாரம் நொண்டினேன். அந்த மூன்று இடைவெளிகளிலும் 30 நிமிட வேகநடை, அவ்வளவுதான். உடம்பைவிட, அந்த நேரத்தை உங்கள் வாரம் பொறுத்துக்கொள்கிறதா என்பதற்கான சோதனை இது. ஆறு நடைகளில் மூன்றைத் தவறவிட்டால் குறை உங்கள் உறுதியில் இல்லை, நேரத் தேர்வில் இருக்கிறது. மாற்றிப் பாருங்கள்.

படி 3: ஓட்டமும் நடையும்

இடையிடையே நடப்பதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் உண்டு. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, இந்த ஓட்டம்–நடை முறையைத்தான் பிற்பாடு ஏராளமானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். களைத்த பிறகு நடப்பதல்ல இது, களைப்பதற்கு முன்பே நடப்பது.

ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் 5 நிமிடம், முடிவில் 5 நிமிடம் நடை. நடுவில்:

3-ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
4-ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை.
5-ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 முறை.
6-ஆம் வாரம்: 4-ஆம் வாரத்தையே திரும்பச் செய்யுங்கள்.
7-ஆம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 4 முறை.
8-ஆம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 முறை.
9-ஆம் வாரம்: 10 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 2 முறை.
10-ஆம் வாரம்: நிற்காமல் 25 நிமிடம்.

ஆறாவது வாரம் பின்வாங்குவது அச்சுப்பிழை இல்லை. மூச்சு 'இன்னும் போகலாம்' என்று ஆசைகாட்டும் நேரம் அநேகமாக அப்போதுதான் வரும். காலுக்கு ஒரு வாரம் கடன் கொடுங்கள். இதில் எங்குமே கிலோமீட்டர் இல்லை என்பதையும் கவனியுங்கள். தூரத்தை எழுதினால் 'போன தடவையைவிட வேகமாக முடிக்கலாமே' என்று மனசு கணக்குப் போடும். நிமிடத்தை எப்படி ஓடினாலும் சீக்கிரம் முடிக்க முடியாது.

சைக்கிளோ நீச்சலோ உங்கள் வழி என்றால், தரையில் மோதும் அதிர்ச்சி இல்லாததால் இதைவிடச் சற்று வேகமாக ஏறலாம். ஆனால் அங்கேயும் முட்டிக்கும் தோளுக்கும் இதே கதைதான்.

படி 4: வேகத்தை வாய் சொல்லட்டும்

ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முழு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'இன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் பையனுடைய நோட்டுப் புத்தகத்தை மறக்காமல் வாங்க வேண்டும்.' நடுவில் மூச்சு எடுக்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. 'வழியில்' என்ற இடத்திலேயே ஒரு மூச்சு இழுத்தால் கொஞ்சம் அதிகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் உடனே நடைக்கு மாறுங்கள். தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு போகிறான் என்று யாராவது பார்ப்பார்கள்தான், பார்த்துவிட்டுப் போகட்டும்.

வாட்ச் காட்டும் இதயத் துடிப்பை நம்பலாமா என்றால், ஓரளவுக்கு. 220-இல் வயதைக் கழித்தால் வருவது அதிகபட்சத் துடிப்பு என்ற சூத்திரம் சராசரி மனிதருக்கானது. ஒரே வயதுடைய இருவருக்கு அது 20 துடிப்பு வித்தியாசப்படுவதும் சகஜம். வாட்ச் அந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் 'ஸோன்' (எளிது முதல் கடினம் வரையான துடிப்பு வரம்புகள்) பிரித்திருக்கிறது என்றால், வாய்ச் சோதனையே மேல்.

மெதுவாக ஓடி எப்படி வேகம் வரும் என்று கேட்பீர்கள். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கி, நிதானமான நீண்ட ஓட்டத்தை அடித்தளமாகக் கொண்ட முறையை உருவாக்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பல வருடம் கழித்து, நார்வேயில் பணிபுரியும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் உச்சநிலை வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தபோதும், ஏறத்தாழ 80 சதவீதம் எளிதான வேகத்தில்தான் நடக்கிறது என்று கண்டார். திரும்பி வரும் நமக்கு முதல் பத்து வாரமும் 100 சதவீதம் எளிது.

படி 5: கெண்டைக்காலுக்கு வேலை கொடுங்கள்

ஒரே ஒரு உடற்பயிற்சிக்குத்தான் நேரம் என்றால், நான் இதைச் சொல்வேன். சுவரில் விரல்நுனிகளை மட்டும் வைத்துக்கொண்டு நில்லுங்கள். குதிகாலை மெதுவாக, மூன்று எண்ணும் நேரத்தில் மேலே தூக்குங்கள். பெருவிரலின் அடிப்பகுதியில் எடை நிற்க வேண்டும், சுண்டுவிரல் பக்கம் சாயக்கூடாது. உச்சியில் ஒரு கணம் நின்று, மறுபடி மூன்று எண்ணி இறக்குங்கள். இரண்டு காலிலும் 15 முறை சிரமமில்லாமல் வந்ததும் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். அடுத்து அதையே முட்டியைச் சற்று மடித்துச் செய்யுங்கள். மடிக்கும்போது உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை போகிறது. ஓடும்போது பெரும்பாரத்தைச் சுமப்பது அதுதான்.

வாரம் மூன்று நாள் போதும். இதற்குத் தனி நேரம் வேண்டாம், பல் துலக்கும்போதே ஒரு சுற்று முடிந்துவிடும். இதோடு உட்கார்ந்து எழுவதையும், ஒரு படியில் ஏறி இறங்குவதையும் பத்துப் பத்து முறை சேர்த்தால் இன்னும் நல்லது.

படி 6: வாரம் உடையும், அதற்கும் திட்டம் வையுங்கள்

பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் கெடு, வெளியூர்ப் பயணம். ஏதோ ஒன்று கட்டாயம் வரும். அப்போது பலர் செய்யும் தவறு, விட்ட மூன்று நாளையும் சனி, ஞாயிறில் சேர்த்து ஓடுவது. விட்டது விட்டதுதான், வட்டியோடு கட்ட வேண்டிய கடன் இல்லை அது. ஓரிரு நாள் போனால் இருக்கும் இடத்திலிருந்தே தொடருங்கள். ஒரு வாரம் முழுக்கப் போனால் முந்தைய வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அட்டவணையில் இரண்டு வாரம் பின்னே போங்கள்.

மனசு ஆறுவதற்கு ஒரு தகவல். வாரம் ஆறு நாள் பயிற்சி எடுத்தவர்களை இரண்டு நாளாகக் குறைக்கச் சொல்லி 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சியின் தீவிரத்தைக் குறைக்காதவரை 15 வாரம் அவர்களுடைய விஓ2 மேக்ஸ் அப்படியே நின்றது. ஏறுவதற்குத்தான் நிறைய வேண்டும், இருப்பதைக் காப்பாற்றக் கொஞ்சம் போதும்.

காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச் சளி இருந்தால் ஓடாதீர்கள். தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போன இரவுக்கு மறுநாள் நான் நடப்பதோடு சரி.

படி 7: வலியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி, தசை முழுக்கப் பரவி, ஒன்றிரண்டு நாளில் அடங்கும் வலி புது வேலையின் அலுப்பு. அதோடு மெதுவாக நடக்கலாம். ஒரு காலில் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், ஓட ஓடக் கூடிக்கொண்டே போகும் வலி வேறு ஜாதி. முக்கியமாக, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் அழுத்தினால் சுரீர் என்றால், அல்லது காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேலுள்ள குதிநாண் விறைத்துக்கொண்டால், அந்த வாரம் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓய்விலும் வலித்தால், அல்லது ஒரு வாரத்தில் குறையாவிட்டால், மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டிவிடுங்கள்.

பத்து வாரத்துக்குப் பிறகு

மூன்று நாட்களில் ஒன்றை மட்டும் நீட்டுங்கள். வாரம் 5 நிமிடம் கூட்டி, நான்காவது வாரம் பழையபடி 25-க்கு இறக்கி, பிறகு விட்ட அளவிலிருந்து ஏறுங்கள். மற்ற இரண்டு நாளும் அப்படியே இருக்கட்டும். நீண்ட ஓட்டத்தை ஒரேயடியாகக் கூட்டுவதுதான் அகலக்கால். என் பத்தாவது கிலோமீட்டர் எனக்குக் கிடைக்காமல் போனது அப்படித்தான்.

12-ஆம் வாரம் வலி எதுவும் இல்லையென்றால், ஒரு நாள் ஓட்டத்தின் கடைசியில், சமதரையில், 20 விநாடி மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடிப் பாருங்கள். தலைதெறிக்க வேண்டாம், தோள் இறுகாத அளவுக்குப் போதும். பிறகு மூச்சு முழுதாக அடங்கும்வரை நடை. முதல் நாள் நான்கு தடவை. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது கெண்டைக்கால் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரம் ஐந்தா, நான்கேதானா என்று முடிவு செய்யுங்கள்.