பழைய கண்ணாடி கோலி: கலர விடுங்க, முனையப் பாருங்க

பழைய கோலி சேக்க ஆரம்பிக்கறவங்க நெறைய பேரு கலர்ல மயங்கித்தான் காச விடறாங்க. ஆன்டிக் கடைல ஒரு ஜாடி நெறைய குண்டு இருக்கும், மேல "விண்டேஜ்"னு சீட்டு ஒட்டியிருக்கும், கொட்டிப் பாத்தா முக்காவாசி இரண்டாம் உலகப் போருக்கு அப்பறம் வந்த பூனைக்கண் கோலி, அதாவது தெளிவான கண்ணாடிக்குள்ள பூனைக் கண்ணு மாதிரி கலர் கீத்து இருக்கற வகை. நான் இருக்கறது ஒஹாயோல, அமெரிக்காவோட கோலித் தொழில் கெளம்புன அக்ரன் ஊரு இங்கதான் இருக்கு, அதனால சனி ஞாயிறு ஆனா இந்த ஜாடிங்கள கெளர்றதே பொழப்பாப் போச்சு. எங்க வாங்கறது, எப்படி பேரம் பேசறதுங்கறதெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க. கைக்கு வந்த குண்டு எந்த ஊர்ல, எந்தக் காலத்துல, எப்படி செஞ்சதுன்னு கண்டுபிடிக்கறது மட்டும்தான் இந்தப் பதிவு.

என்னென்ன வேணும்

10 மடங்கு பெருசாக் காட்டற லூப் ஒண்ணு, நகைக்கடைல கண்ணுல வச்சுப் பாப்பாங்கல்ல, அதேதான். 30 மடங்கு, 60 மடங்குன்னு ஆன்லைன்ல விக்கறது வேஸ்ட். உருண்டையான பொருள் மேல ஃபோகஸ் ஒரு புள்ளிலதான் நிக்கும், சுத்தி எல்லாம் மங்கலாத் தெரியும். அப்பறம் குண்டோட குறுக்களவ அளக்க ஒரு பிளாஸ்டிக் வெர்னியர், மெட்டல் வேணாம், கொஞ்சம் இறுக்கிட்டா சில்லு போயிடும். யூவி (புற ஊதா) டார்ச் வாங்கறதுன்னா 365 நானோமீட்டர் மட்டும் வாங்குங்க. 395 விலை கம்மிதான், ஆனா அதோட சொந்த ஊதா வெளிச்சமே குண்டு முழுக்கப் பரவிடும், எது ஒளிருதுன்னே தெரியாது.

1. கழுவுங்க

பிளாஸ்டிக் டப்பால துண்ட மடிச்சுப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு ரெண்டு சொட்டு, அவ்ளோதான். சூடான தண்ணி வேணாம், பழைய கண்ணாடி திடீர்னு சூடு பட்டா விரிசல் விடும். டிஷ்வாஷர்ல போடலாமான்னு கேக்காதீங்க ப்ளீஸ்.

கழுவறது அழுக்குக்காக மட்டும் இல்ல. சில பேரு விக்கறதுக்கு முன்னாடி குண்டு மேல லேசா மினரல் ஆயில் தடவிடுவாங்க, எண்ணெய் போய் கீறல்ல உக்காந்துக்கும், புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும். சோப்பு போட்டுத் தொடச்சு நல்லாக் காயவிட்டுப் பாத்தாத்தான் உண்மை மூஞ்சி தெரியும். ஆன்லைன்ல வாங்கும்போது ஈரமா மின்னற ஃபோட்டோ போட்டிருந்தா, காஞ்ச நிலைல இன்னொரு ஃபோட்டோ கேளுங்க, தரலன்னா விட்டுடுங்க.

2. முனையப் பாருங்க

இந்த வேலைல முக்காவாசி இதான். எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆன இடமும் இதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல ஜெர்மனி. துரிங்கியா காட்டுப் பக்கம் லவுஷான்னு ஒரு ஊரு, 1597லேருந்து கண்ணாடி உலை இருக்கற எடம். அங்க 1840கள் கடைசில கோலிக்குன்னே ஒரு கத்திரி செஞ்சாங்க, ஒரு பக்கம் சின்னக் குழி, இன்னொரு பக்கம் வெட்டற அலகு. கலர் கண்ணாடி இழைங்கள உள்ள வச்சு ஒரு நீளமான கண்ணாடித் தண்டு இழுப்பாங்க, நுனிய சூடாக்கி முறுக்கி, அந்தக் குழில வச்சு உருட்டி வெட்டி எடுப்பாங்க. தண்டுலேருந்து வெட்டுன எடத்துல சொரசொரன்னு ஒரு தழும்பு நிக்கும், அதுக்குப் பேரு பான்டில். முன்னாடி குண்ட வெட்டுனது ஒண்ணு, இந்தக் குண்ட வெட்டுனது ஒண்ணுன்னு எதிரெதிர் முனைல ரெண்டு இருக்கும். சில குண்டுல நல்லா தேச்சு வழவழன்னு ஆக்கியிருப்பாங்க, சிலதுல நகத்துல தட்டுப்படும். பான்டில் தழும்பும் இருந்து, உள்ள இழைங்க ஒரு முனைலேருந்து இன்னொரு முனைக்கு சுருண்டு போனா, அது அநேகமா முதல் உலகப் போருக்கு முந்தினது, நூறு வயசு தாண்டியாச்சு. இன்னொரு அடையாளம், கைல செஞ்சது முழு உருண்டையா இருக்காது. வெர்னியர்ல ரெண்டு பக்கமா திருப்பி அளந்து பாருங்க, வித்தியாசம் வரும்.

அடுத்தது அக்ரன். அங்க மார்ட்டின் ஃப்ரெடெரிக் கிறிஸ்டென்சன்னு ஒருத்தர் கண்ணாடிய உருண்டையாக்கற மெஷினுக்கு 1905ல பேட்டன்ட் வாங்கினார். ஆனா கவனிங்க, உருட்டறதுதான் மெஷின், உருகுன கண்ணாடிய உலைலேருந்து கம்பில எடுத்து ஊத்தறது ஆளு. தேன கரண்டில எடுத்து சாய்ச்சா கீழ விழும்போது சுருண்டு விழும்ல, அதே மாதிரி கண்ணாடியும் சுருளும், கடைசில கத்திரியால வெட்டுவாங்க. அதனால குண்டோட ஒரு முனைல 9 மாதிரி ஒரு சுழி, எதிர் முனைல வெட்டுன கோடு. வெள்ளையும் இன்னொரு கலரும் கலந்த ஸ்லாக் கோலிங்கள்ல இது அழகாத் தெரியும்.

குழப்பம் வர்றது இங்கதான். அந்த வெட்டுக் கோட்டப் பாத்துட்டு பான்டில்னு நெனச்சு "ஜெர்மன் கைவேலை"ன்னு விக்கறாங்க, தெரியாம விக்கறவங்களும் உண்டு, தெரிஞ்சே விக்கறவங்களும் உண்டு. வித்தியாசம் இதுதான்: பான்டில் உடைஞ்ச மாதிரி அல்லது தேச்ச மாதிரி ஒரு எடம், மேற்பரப்புல தனியா நிக்கும். அக்ரன் வெட்டுக் கோடு மெஷின்ல உருண்டதால மேற்பரப்போட கலந்து போயிருக்கும், கலர்ல மடிப்பு தெரியும், நகத்துல ஒண்ணும் தட்டாது. சந்தேகம் இருந்தா எதிர் முனைல 9 இருக்கான்னு தேடுங்க. லூப்ப கண்ணுக்குப் பக்கத்துல அசையாம வச்சுக்கிட்டு குண்டத்தான் நகத்தணும்.

மூணாவது, சுழியும் இல்ல தழும்பும் இல்லன்னா முழு மெஷின் காலம். உலைலேருந்து கண்ணாடி தானா விழுந்து தானா வெட்டுப்பட்டு உருளும். 1914ல போர் வந்து ஜெர்மன் சரக்கு நின்னதும் அமெரிக்கக் கம்பெனிங்களுக்கு அடிச்சது யோகம். அக்ரோ அகேட் கம்பெனி அதே வருஷம் அக்ரன விட்டு மேற்கு வர்ஜீனியால கிளார்க்ஸ்பர்க் போயிடுச்சு, கேஸும் மணலும் அங்க சல்லிசு. 1951 வரைக்கும் ஓடுச்சு. அவங்க அடையாளம் கார்க்ஸ்க்ரூ, ஒரு பட்டை மேற்பரப்புல ஒரு முனைல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி எதிர் முனைல முடியும், நடுவுல எங்கயும் ஒட்டிக்காது. பெல்டியர், மார்பிள் கிங் மாதிரி மத்த அமெரிக்கக் கம்பெனிங்க குண்டுல எதிரெதிரா ரெண்டு தையல் கோடு, திட்டுத் திட்டா கலர்.

(இன்னொரு தலைவலி: மேல சொன்ன மார்ட்டின் ஃப்ரெடெரிக்கோட எம்.எஃப். கிறிஸ்டென்சன் கம்பெனி வேற, கிறிஸ்டென்சன் அகேட் வேற, ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ரெண்டாவது 1925ல ஆரம்பிச்சு சில வருஷத்துலயே மூடுன சின்னக் கம்பெனி. அவங்க கினி கோலில மேல பல கலர் புள்ளி தெளிச்சிருக்கும், ஒத்த குண்டே நூத்துக்கணக்கான டாலர் போகும். அதனாலயே போலி ஜாஸ்தி, புதுசா சேக்கறவங்க அந்தப் பக்கம் போகாதீங்க.)

3. அளவு, யூவி

மெஷின் கோலி பெரும்பாலும் 5/8 இன்ச், அதாவது 16 மில்லிமீட்டர் பக்கம். ஒண்ணரை, ரெண்டு இன்ச் வந்தா ஜெர்மன் கைவேலையா இருக்கலாம், உள்ள வெள்ளையா நாய், ஆடுன்னு பொம்மை இருந்தா அது சல்ஃபைட் வகை. இன்னைக்கு செய்யற கலைஞர்களும் பெருசாத்தான் செய்யறாங்க, பான்டிலும் இருக்கும். அதுல விளையாடுன தேய்மானம் இருக்காதுங்கறது ஒரு துப்பு.

யூவில பச்சையா பளிச்னு எரிஞ்சா யுரேனியம் கண்ணாடி. மங்கலான பச்சைன்னா மாங்கனீசாவும் இருக்கலாம், அவசரப்பட்டு சந்தோஷப்படாதீங்க. இத வச்சு வயசு சொல்ல முடியாது, யுரேனியம் கண்ணாடி இன்னைக்கும் செய்யறாங்க.

4. அடிபட்டிருக்கா, பாலிஷ் போட்டிருக்கா

குண்டும் குண்டும் மோதுனா உள்ள பிறை மாதிரி வெள்ளை வடு விழும், வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாத்தான் தெரியும். சின்ன வடு இருந்தா நான் கவலப்படறதில்ல, விளையாடத்தானே செஞ்சாங்க. ஆனா மேற்பரப்ப அரைச்சு பாலிஷ் போட்டதுன்னா விலை பாதிக்கும் கீழ எறங்கலாம். கண்டுபிடிக்கறது சுலபம்: கைவேலைக் குண்டுல இருக்க வேண்டிய பான்டில் காணாமப் போயிருக்கும், வெளிப் பட்டைங்க பாதில அறுந்திருக்கும், பளபளப்பு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கும். அடிபட்ட குண்ட பாலிஷ் போட்டா நல்லாருக்குமேன்னு தோணும். போடாதீங்க.

அப்டேட் 1: ஒரே ஒரு முனைலதான் தழும்பு இருக்கு, போலியான்னு ரெண்டு மூணு பேரு கேட்டிருக்கீங்க. இல்ல. தண்டோட நுனில வர்ற மொத குண்டுக்கு ஒரு பக்கம்தான் வெட்டு. தனித்தனியா கம்பி நுனில செஞ்சதுக்கும் அப்படித்தான்.

அப்டேட் 2: "இண்டியன்"னு போட்டு கருப்புக் குண்டு விக்கறாங்களே, நம்ம ஊரு சரக்கான்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். அதுவும் ஜெர்மன் கைவேலைதான் தம்பி, கருப்பு அடி மேல கலர் பட்டை போட்ட வகைக்கு சேக்கறவங்க வச்ச பேரு.

அப்டேட் 3: கோலி சோடா பாட்டில் குண்டு சேக்கலாமான்னு மதுரைலேருந்து ஒரு அக்கா. தாராளமா சேக்கலாம், ஆனா குண்டுக்காக பாட்டில உடைக்காதீங்க அக்கா. அந்த பாட்டில் ஹைரம் காட்ங்கற இங்கிலாந்துக்காரர் 1872ல பேட்டன்ட் எடுத்தது, கேஸ் அழுத்தத்துல குண்டு மேல போய் ரப்பர் வளையத்துல அடைச்சுக்கும். இங்கிலாந்துல பசங்க குண்டுக்காகவே பாட்டில உடைச்சதால பழசு முழுசாக் கெடைக்கறது கஷ்டம். தனிக் குண்டு வெறும் பச்சை, வெள்ளை உருண்டைதான், அதுக்கு இங்க யாரும் பெரிய காசு தர மாட்டாங்க. பாட்டில் கழுத்துல கம்பெனி பேரு புடைச்சு இருந்தா அத அப்படியே வச்சுக்கங்க, உள்ள இருக்கற ரப்பர் காஞ்சு போயிருந்தாலும் பிடுங்க வேணாம்.