பழைய மியாட்டாவுக்கு ஆயில் கூலர் மாட்டுவது எப்படி

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது முன்விளக்கு மேலே எழும்பும் அந்தப் பழைய மியாட்டா, ஊருக்குள் ஓட்டினாலும் மலைப்பாதையில் விரட்டினாலும் எஞ்சின் ஆயிலைக் காற்றால் ஆற வைக்கும் ஆயில் கூலர் கேட்காத வண்டி. ரேஸ் டிராக்கில் இருபது நிமிடம் விடாமல் 6,000 ஆர்பிஎம்முக்கு மேலேயே வைத்து ஓட்டும்போது, இல்லை டர்போ போட்ட பிறகுதான் கதை மாறும். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஆயில் சூட்டை அளந்து பாருங்கள். வண்டியோடு வந்த மீட்டர் தண்ணீர் சூட்டைத்தான் காட்டும். தண்ணீர் முள் நடுவில் சமர்த்தாக நிற்கும்போதே சம்ப்பில், அதாவது எஞ்சினின் அடித்தொட்டியில், ஆயில் கொதித்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு சென்சார், ஒரு மீட்டர் போதும். டிராக்கில் ஆயில் 100 முதல் 110 டிகிரி செல்சியஸில் இருந்தால் அதுதான் சரியான இடம், கைவைக்க வேண்டாம். நல்ல சிந்தெடிக் ஆயில் என்றால் 120 வரை பயமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே போய் 130-ஐத் தாண்டுகிறது என்றால் கூலர் வேண்டும். 40 கிரேடு ஆயிலின் பிசுக்குமை, அதாவது கெட்டித்தன்மை, 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ், அதே ஆயில் 130-ல் ஏறக்குறைய பாதியாக இளகிவிடும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே நிற்கிற ஆயில் படலமும் அந்த அளவுக்கு மெலிந்துபோகும். தண்ணீரும் சேர்ந்து சூடாகிறது என்றால் முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள்: பழைய ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பு போய்ப் பழுப்பாகியிருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும், அதை மாற்றாமல் ஆயில் கூலருக்குச் செலவழிப்பது வீண்.

அழுத்த மீட்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1994 வரை வந்த வண்டிகளில் ஆயில் அழுத்த முள் உண்மையாகவே அழுத்தத்தைக் காட்டும். 1995-லிருந்து வந்ததில் பின்னால் இருப்பது வெறும் சுவிட்ச், அழுத்தம் கொஞ்சம் இருந்தாலே முள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள், தனியாக ஒரு நிஜ மீட்டர் போடுங்கள்.

இனி சாமான். ஆயில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கிற சாண்ட்விச் பிளேட், அதற்கு இரண்டு ஃபிட்டிங், ஏஎன்-10 என்ற அளவில் வரும் ஹோஸ், கூலர், கூலரைப் பிடிக்க ரப்பர் மவுண்ட். இதில் பிளேட் மட்டும் கண்டிப்பாக உள்ளே தெர்மோஸ்டாட் உள்ளதாக இருக்க வேண்டும், விலை கூட இருக்கிறதே என்று சாதா பிளேட் வாங்காதீர்கள். 80 டிகிரிக்குக் கீழே ஓடும் ஆயிலில் ஈரமும் கலந்த பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும், குளிர்ந்த கெட்டி ஆயிலோடு எஞ்சினை முறுக்குவதும் கெடுதல். தெர்மோஸ்டாட் பிளேட் 80, 82 டிகிரி வரை பெரும்பகுதி ஆயிலைக் கூலர் பக்கம் விடாது, கொஞ்சம் மட்டும் கசியவிடும், அதனால் திறக்கும் நேரத்தில் கூலர் காலியாகவும் இருக்காது. ஃபில்டர் மாட்டும் மரை 20 மில்லிமீட்டர், 1.5 பிட்ச். சென்சாருக்குத் துளை உள்ள பிளேட்டாகப் பார்த்து எடுங்கள், மீட்டர் வேலையும் அங்கேயே முடிந்துவிடும். கூலர் அளவு டர்போ இல்லாத வண்டிக்கு ஆயில் ஓடும் தட்டுகள் 13 வரிசை, டர்போவுக்கு 19 என்பது என் கணக்கு. அதைவிடப் பெரிதாக வாங்குவதற்குப் பதில் அந்தப் பணத்தில் காற்று வழியைச் சரிசெய்யலாம்.

உண்மையில் வேலை தேறுவதும் தேறாததும் காற்றில்தான் இருக்கிறது. மியாட்டாவின் வாய், அதாவது முன்பம்பரில் காற்று நுழையும் திறப்பு, சின்னது, அதன் வழியாக வரும் காற்றைத்தான் ரேடியேட்டர், ஏசி இருந்தால் அதன் கண்டென்ஸர், இப்போது கூலர் எல்லாம் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். கூலரை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் நடுவில் தொங்கவிட்டால் ஆயில் இறங்கும், தண்ணீர் ஏறும். வாயின் ஒரு ஓரமாக வையுங்கள், ரேடியேட்டரோடு ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், கூலரைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடோ கெட்டியான ஃபோமோ வைத்து அடைத்து, வாய்க்குள் நுழைந்த காற்று பக்கவாட்டில் நழுவாமல் கூலர் வழியாகவே போகும்படி செய்யுங்கள். காற்றுக்கு எப்போதும் சுலபமான வழிதான் பிடிக்கும், ஒரு விரல் சந்து கிடைத்தாலும் அதில் போய்விடும். வண்டிக்கு அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு பல பழைய வண்டிகளில் காணாமல் போயிருக்கும். அது இல்லாவிட்டால் காற்று கீழே இறங்கிவிடும், முதலில் அதைத் தேடி மாட்டுங்கள்.

ஹோஸ் மாட்டும் கூலரின் இரண்டு வாயும் மேல்நோக்கி இருப்பது நல்லது, காற்றுக் குமிழி தானாக வெளியேறும். இடம் இல்லையென்றால் பக்கவாட்டில் திருப்பி, ஆயில் கீழ் வாயில் நுழைந்து மேல் வாயில் வெளியேறும்படி வையுங்கள். வாய் கீழே பார்த்தபடி மாட்டினால் மேலே காற்று தங்கும். ரப்பர் மவுண்ட் இல்லாமல் நேரே போல்ட் போட்டால் அதிர்வில் அலுமினியம் விரிசல் விடும்.

அப்புறம் பிளேட். ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, வண்டியின் வலது பக்கம், கைக்கு எட்டாத மூலையில் ஒளிந்திருக்கும். எஞ்சின் ஆறின பிறகு, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கீழிருந்து போங்கள். ஃபில்டரைக் கழற்றியதும் பிளாக்கின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே பிளேட்டை வைத்தால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, அழுத்தம் ஏறும்போது பிதுங்கி, ஆயில் மொத்தமும் தரையில். முகத்தைத் துடைத்து, புது ஓ-ரிங்கில் ஆயில் தடவி, வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முறுக்குங்கள். 1994 மாடலிலிருந்து வந்த 1.8 லிட்டர் எஞ்சினில் ஃபில்டருக்குப் பின்னால் தண்ணீரால் ஆயிலைப் பதப்படுத்தும் ஒரு சின்ன கூலர் கம்பெனியே வைத்திருக்கும். காலையில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்குவதும் அதுதான் என்பதால் இடம் போதுமானால் அதை விட்டுவைக்கலாம். கழற்றினால் அதன் இரண்டு தண்ணீர்க் குழாயையும் ஒன்றோடொன்று இணைக்க மறக்காதீர்கள். எப்படியும் ஃபில்டர் பிளேட்டின் தடிமன் அளவு வெளியே தள்ளும், உயரம் குறைந்த ஃபில்டர் வாங்குங்கள்.

ஹோஸை வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, நுண்பல் பிளேடால் வெட்டுங்கள். வெட்டின துகள் உள்ளே போகத்தான் செய்யும், காற்றால் ஊதி, பிரேக் கிளீனர் விட்டுக் கழுவி, வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள், துணியில் கறுப்புப் பொட்டு ஒன்று இருந்தாலும் மறுபடி கழுவுங்கள். பழைய கூலர் மலிவாகக் கிடைத்தால், அது எந்த எஞ்சினில் இருந்தது என்று தெரியாமல் தொடாதீர்கள். பேரிங் போன எஞ்சினின் உலோகத் தூள் கூலரின் வரிசைகளுக்குள் தங்கிவிட்டால் எவ்வளவு கழுவினாலும் முழுசாக வராது.

எக்ஸாஸ்ட் இடது பக்கம் இருப்பதால் ஹோஸை வலது பக்கமாகவே கொண்டுபோவது இயல்பு. ஆனால் வலதுபக்க ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங் தண்டும் அந்தப் பக்கம்தான் இறங்கும். சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி எதிலும் உரசவில்லை என்று கண்ணால் பாருங்கள், பெல்ட்டுகளிலிருந்தும் தள்ளி வையுங்கள். தகடு தொடும் இடத்தில் ரப்பர் வளையமோ உறையோ போடுங்கள், ஏனென்றால் ஸ்டீல் பின்னல் ஹோஸ் அலுமினியத்தை ரம்பம்போல அறுக்கும். ஃபிட்டிங்கை முறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று கூலரின் வாயைப் பிடிக்க, ஒன்று முறுக்க. ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் கூலரின் கழுத்து முறுகிவிடும்.

முடிந்ததும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் ஊற்றிவிட்டு, எஞ்சின் ஹெட்டின் பின்புறம் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டால் ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் தெளிக்காது. பத்து விநாடி செல்ஃப் அடித்து, ஸ்டார்ட்டர் ஆற விட்டு, மறுபடி அடித்து, அழுத்த முள் எழும்பும் வரை இப்படியே செய்யுங்கள். அப்புறம் கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் செய்து, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள்.

நின்ற இடத்தில் ஓடவிட்டு மட்டும் திருப்திப்படாதீர்கள், தெர்மோஸ்டாட் திறக்கும்வரை கூலர் முழுதாக நிரம்பாது. ஓட்டிச் சூடேற்றி, இரண்டு ஹோஸும் சூடாகிவிட்டதா என்று பார்த்து, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுங்கள். லெவல் இறங்கியிருக்கும், அரை லிட்டருக்கு மேலேயே குடிக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சரிசெய்யுங்கள். முதல் டிராக் ஓட்டத்தில் இரண்டு மூன்று சுற்றிலேயே உள்ளே வந்து, பானெட்டைத் திறந்து, ஃபிட்டிங் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடி போங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கு ஓட்டம் அவ்வளவுதான், டயரில் ஆயில் பட்டால் சுவரில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும், பின்னால் வருகிறவரும் கூடவே.