அரீதாவின் 1967 ஆல்பத்தை மறுபடி கேட்பது எப்படி: குரலை விடுங்கள், முதலில் பியானோ

'ரெஸ்பெக்ட்' பாட்டை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். அது அமெரிக்கப் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் பாடியது என்றும் தெரிந்திருக்கும். ஆனால் அது ஒரு ஆல்பத்தின் முதல் பாட்டு, அதற்குப் பின்னால் இன்னும் 10 பாட்டுகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றில் சில 'ரெஸ்பெக்ட்'டையே ஓரமாக உட்கார வைத்துவிடும் என்பதைப் பலர் கவனித்ததில்லை. நானும் பல வருடம் முதல் பாட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். 'ஐ நெவர் லவ்ட் எ மேன் தி வே ஐ லவ் யூ' என்ற அந்த ஆல்பம் 1967 மார்ச்சில் அட்லாண்டிக் நிறுவனத்தில் வந்தது. மொத்தமே சுமார் 33 நிமிடம்தான். ஒரே மூச்சில் கேட்டுவிடலாம், அப்படித்தான் கேட்க வேண்டும்.

முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். மூலத்தில் 11 பாட்டுகள். 'ரெஸ்பெக்ட்' முதலில், 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' கடைசியில். பின்னால் வந்த சில பதிப்புகளில் கூடுதல் பாட்டுகளை வாலில் ஒட்டியிருப்பார்கள், அவை வேண்டாம். 11 முடிந்ததும் நின்றுவிடும்படி வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றிக் கேட்கும் வசதி போனில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். மோனோ, ஸ்டீரியோ இரண்டும் கிடைத்தால் முதல் தடவை மோனோ கேளுங்கள், அன்றைய ரேடியோவில் மக்கள் கேட்டது அதுதான், எல்லா ஓசையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி வந்து மோதும். ஸ்டீரியோவை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளலாம், எந்த வாத்தியம் என்ன செய்கிறது என்று பிரித்துக் கேட்க அது உதவும்.

சரி, எதைக் கவனிப்பது? பழைய சோல் ஆல்பம் (தேவாலயப் பாட்டும் ப்ளூஸும் கலந்த அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை) என்றாலே எல்லோரும் குரலின் உச்சத்தைத்தான் தேடுவார்கள். நான் சொல்வது வேறு: பியானோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ஆல்பத்தில் பல பாட்டுகளில் பியானோ வாசிப்பதும் அரீதாதான். டெட்ராய்ட்டில் அவருடைய அப்பா சி. எல். ஃபிராங்க்ளின் பாதிரியாராக இருந்த நியூ பெத்தெல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர், காதால் கேட்டே பியானோ கற்றவர். 1960-இல் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்து ஆறு வருடம் ஜாஸ், பிராட்வே, பாப் என்று எல்லாம் பாடினார். நல்ல பாட்டுகளும் இருக்கின்றன, ஆனால் அவருக்கென்று ஒரு இடம் அமையவில்லை. அட்லாண்டிக்கில் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் செய்த முக்கியமான வேலை, அவரைப் பியானோ முன்னால் உட்கார வைத்து, மற்ற கலைஞர்களை அவரைச் சுற்றி வாசிக்க வைத்தது. கை தேவாலயத்துப் பழக்கத்தில் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை) அடித்ததும் குரல் அதற்குப் பதில் சொல்லும், குரல் நிற்கும் இடத்தில் கை பேசும். இந்த உரையாடல் ஒருமுறை காதில் பிடிபட்டுவிட்டால் அப்புறம் இந்த ஆல்பத்தை வேறு மாதிரி கேட்கவே முடியாது.

இதைப் பழகிக்கொள்ள நல்ல பாட்டு 'டாக்டர் ஃபீல்குட்'. இசைத்தட்டைத் திருப்பினால் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. அவசரமே இல்லாத ப்ளூஸ். முதல் தடவை அவர் பாடுவதை விட்டுவிட்டு, ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் அந்த இடைவெளியை மட்டும் கேளுங்கள். பியானோ அங்கே என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரண்டாவது தடவை குரலுக்கு வாருங்கள். நாம் பிருகா என்று சொல்வோமே, அந்த மாதிரி வேகமாக உருண்டு வரும் இடங்கள் இதில் உண்டு, ஆனால் அவர் அதை எல்லா வரியிலும் இறக்குவதில்லை. ஒரு சொல்லை நேராக, கிட்டத்தட்டப் பேசுவது போலச் சொல்லிவிட்டு, அடுத்ததில் மட்டும் சங்கதியை விரிப்பார். எங்கே சும்மா இருக்கிறார் என்று கவனித்தால்தான் எங்கே விரிக்கிறார் என்பது உறைக்கும்.

அடுத்து ஆல்பத்தின் பெயர்ப் பாட்டு. இதற்குக் கொஞ்சம் கதை தெரிந்திருந்தால் நல்லது. 1967 ஜனவரி 24-ஆம் தேதி அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் உள்ள ஃபேம் ஸ்டூடியோவில் பதிவு தொடங்கியது. பாட்டு கையில் இருந்தது, எப்படி வாசிப்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை. அங்கே வாசித்த கலைஞர்களில் ஒருவரான ஸ்பூனர் ஓல்டம் வுர்லிட்சர் எலக்ட்ரிக் பியானோவில் ஒரு சின்னத் துணுக்கைக் கண்டுபிடித்தார். பாட்டு தொடங்கும்போது தயங்கித் தயங்கி வருகிறதே, அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் சேர, பாட்டு அமைந்துவிட்டது. அந்த எலக்ட்ரிக் பியானோவையும் அரீதாவின் சொந்தப் பியானோவையும் தனித்தனியாகக் காதால் பிரித்துப் பாருங்கள், முதலில் கஷ்டமாக இருக்கும், மூன்றாவது தடவையில் வந்துவிடும். அன்றைக்கே ஸ்டூடியோவில் வாய்த்தகராறு முற்றி, அரீதா அங்கிருந்து கிளம்பிவிட்டார். மீதிப் பதிவு பிப்ரவரியில் நியூயார்க்கில்தான் நடந்தது.

அதனால்தான் 'டூ ரைட் உமன், டூ ரைட் மேன்' பாட்டை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். அன்று அலபாமாவில் அதன் அடித்தளம் மட்டும்தான் பதிவாகியிருந்தது. பிறகு நியூயார்க்கில் அரீதா பியானோவும் ஆர்கனும் தானே வாசித்துச் சேர்த்து, தங்கை கேரலினையும் அக்கா எர்மாவையும் கூடப் பாட வைத்து முடித்தார். அரைகுறையாக விட்டுப்போன பாட்டு என்று தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்கள், தையல் எங்கேயாவது தெரிகிறதா என்று. எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பின்குரல்கள் எப்போது நுழைகின்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் பாட்டு ஒரு படி மேலே ஏறும்.

இப்போது 'ரெஸ்பெக்ட்'டுக்குத் திரும்பலாம். இதை எழுதி 1965-இல் முதலில் பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங். அதை முதலில் கேளுங்கள், பிறகு அரீதாவைக் கேளுங்கள், இடையில் வேறு எதுவும் வேண்டாம். வீட்டுக்கு வரும் ஆண் மரியாதை கேட்கும் பாட்டு அது. அரீதா அதையே பெண் கேட்கும் பாட்டாகத் திருப்பினார், அதற்காக மெட்டை மாற்றவில்லை, கட்டமைப்பில் கை வைத்தார். 'ரெஸ்பெக்ட்' (மரியாதை) என்ற சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் இடம் ஓட்டிஸ் பாட்டில் இல்லை. சகோதரிகளின் பின்குரல் இல்லை. நடுவில் கிங் கர்டிஸ் சாக்ஸபோன் வாசிக்கும் பகுதியும் இல்லை. அந்தச் சாக்ஸபோன் வரும்போது பாட்டு சட்டென்று வேறு சுதிக்குத் தாவுவதைக் கேளுங்கள், சாம் அண்ட் டேவ் என்ற ஜோடி பாடிய இன்னொரு பாட்டின் கார்டுகளை எடுத்து அங்கே வைத்தார்கள். பின்குரலில் 'ரீ ரீ ரீ' என்று வருவது அரீதாவின் செல்லப்பெயர். சகோதரிகள் அக்கா தங்கையாகவே அவரைக் கூப்பிடுகிறார்கள், தெரிந்த பிறகு எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது.

இதே முறையில் ஒப்பிட்டுக் கேட்க இன்னும் இருக்கின்றன. 'டிரவுன் இன் மை ஓன் டியர்ஸ்' ரே சார்ல்ஸ் பாடிப் புகழ்பெற்றது. 'குட் டைம்ஸ்' சாம் குக் எழுதியது. 'சோல் செரனேட்' கிங் கர்டிஸின் சாக்ஸபோன் துண்டாக இருந்தது, இங்கே வரிகளோடு வருகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒப்பிட உட்காராதீர்கள், காது சலித்துவிடும். 'சேவ் மீ'க்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும்.

கடைசிப் பாட்டுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' சாம் குக்கின் பாட்டு. அவர் 1964 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார், அரீதாவுக்கு நெருங்கிய குடும்ப நண்பர். குக்கின் பதிவு வயலின் கூட்டத்தோடு அகலமாக விரிந்து தொடங்கும். அரீதா அந்த அகலத்தையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு பழைய நண்பர் சொன்னதைக் கேட்டேன் என்று தானே சில வரிகள் சேர்த்து, பியானோவோடு மெதுவாக உள்ளே வருகிறார். அந்த நண்பர் யார் என்று பாட்டில் பெயர் வராது. அந்த முன்வரிகள் முடிந்து குக்கின் சொந்த வரி தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். இரண்டு மூன்று தடவை பின்னால் இழுத்து அங்கேயே கேளுங்கள், அப்புறம் பாட்டை முடியும்வரை ஓட விடுங்கள்.