பிள்ளை தவறிய வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், வேலை செய்கிறவள் நான். வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளைப் பார்க்க லயமே, வரிசை வீட்டுச் சனமெல்லாம், திரளும். கிரகணத்தில் வெளியே போனாள், மழையில் கொழுந்துக் கூடை சுமந்தாள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதையெல்லாம் வாசலிலேயே நிறுத்துங்கள். "இன்னொன்னு பெத்துக்கலாம்" என்பதையும்தான். "நான் இருக்கேன் புள்ள" என்றால் போதும். பிள்ளைக்குப் பேர் வைத்திருந்தால் அந்தப் பேரைச் சொல்லியே பேசுங்கள்.

"ஏதாவது வேணுமா" என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பாள். கேட்காமல் விறகைக் கொண்டுபோய் அடுக்குங்கள், பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து வையுங்கள், மூத்ததை ஸ்கூலுக்கு அனுப்புங்கள். புருஷனையும் கூப்பிட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுங்கள். அவனுக்கும் அது பிள்ளைதானே.

பால் விஷயத்தை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. நாலைந்து மாதம் தாண்டிய வயிறு என்றால், பிள்ளை இல்லாவிட்டாலும் சில நாளில் பால் சுரக்கும். மார்பு கல்லாகும், சட்டை நனையும், அவள் பயந்துபோவாள். துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். அளவான உள்சட்டை போடட்டும். நம் மலைத் தண்ணீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுக்கலாம், கழுவிய கோவா (முட்டைக்கோஸ்) இலையையும் வைக்கலாம். வலிக்குப் பனடோல். தாங்க முடியாவிட்டால் கொஞ்சம் மட்டும் பீய்ச்சட்டும்; முழுக்க எடுத்தால் இன்னும் சுரக்கும். மார்பு சிவந்து காய்ச்சல் அடித்தாலோ, ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுக்க நனைகிற அளவுக்கு ரத்தம் போனாலோ, கெட்ட வாடை வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான். வண்டி இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை.

லீவு விஷயத்தில் யாராவது படித்த பிள்ளை, தோட்டத்து வேலைக் கணக்குப் பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் போய்ப் பேசட்டும். பிள்ளை உயிரோடு பிறந்து தவறியிருந்தால் 84 நாள், நிறைமாதத்தில் இறந்தே பிறந்திருந்தால் 42 நாள் பிரசவ லீவு சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தந்த துண்டுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

வேலைக்குத் திரும்புகிற அன்று பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிறதுக்கு, முன்னாலேயே வேலையை மேற்பார்க்கிற கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பிள்ளைக்காம்பராவைத் தாண்டிப் போகிற தேயிலை மலை அவளுக்கு வேண்டாம். பால் கொடுக்கத் தாய்மார் வருகிற நேரத்தில் அந்தப் பாதையில் பிள்ளைச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டதுமே மார்பு கசிந்து, கூடையோடு உட்கார்ந்துவிட்டவளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து நிரையில் அவளுக்குப் பிடித்தவள் நிற்கட்டும்.

அழுகிறவளைப் பற்றி எனக்குப் பயமில்லை. இரண்டு வாரம் போயும் தூங்காமல், சாப்பிடாமல், "நானும் போயிடுறேன்" என்கிறவளைத் தனியே விடாதீர்கள். புல்லுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் வீட்டில் இருந்தால் அன்றைக்கே வெளியேற்றுங்கள். மிட்வைப் மிஸ்ஸுக்கு (மருத்துவிச்சிக்கு) சொல்லுங்கள், 1926 மனநல இலக்கத்துக்கும் பேசலாம்.

அடுத்த பிள்ளை எப்போது என்பதை மாமியார் முடிவுசெய்ய வேண்டாம். உடம்பு தேறியதும் அவளும் புருஷனுமாகக் கிளினிக் போய்க் கேட்கட்டும். போலிக் அசிட் குளிசையும் அங்கேயே கொடுப்பார்கள்.