ஹெட்லைட் மங்குச்சுன்னா உடனே பல்ப மாத்தாதீங்க

போன மழை முடிஞ்சதும் நம்ம வண்டில இடது பக்க ஹெட்லைட் மட்டும் மங்கலா எரிஞ்சுது. புதுப்பேட்டைக்கு ஓடிப் போய் பல்ப் வாங்கி மாத்தினேன், சரியாகல, லைட்டுக்குப் போற கரண்ட ஆன், ஆஃப் பண்ற சுவிட்சான ரிலேவையும் மாத்தினேன், அப்பவும் அதே கதை. வயரிங் டயகிராம முதல்லயே பாத்திருந்தா ரெண்டு லைட்டுக்கும் ஒரே ரிலேதான்னு தெரிஞ்சிருக்கும், வலது பக்கம் பளிச்சுனு எரியும்போது ரிலே மேல எப்டி தப்பு வரும்? அந்தக் காசு வேஸ்ட்.

அடுத்த தப்பு வோல்ட் பாக்குற மீட்டர்ல. பல்ப கழட்டிட்டு கப்ளர்ல, அதாவது ஒயர் முனைல இருக்கற சாக்கெட்ல, மீட்டர வெச்சேன், 12 வோல்ட்டுக்கு மேலயே காட்டுச்சு, சரி கரண்ட் நல்லா வருதுன்னு நம்பிட்டேன். லோடு, அதாவது கரண்ட் இழுக்குற பல்ப் மாதிரி எதுவும், இல்லாதப்போ ஒயர்ல ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டேஜ் காட்டும்ங்க. பல்ப மாட்டி, லைட்ட போட்டுட்டு, பல்போட எர்த் பின்னுக்கும் (கரண்ட் திரும்பிப் போற பின்) பேட்டரி மைனஸுக்கும் நடுவுல பாக்கணும், 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா ஓகே. எனக்கு 3 வோல்ட் காட்டுச்சு! லைட்டுக்குப் பின்னாடி பாடில இறுக்கியிருந்த எர்த் போல்ட் முழுக்க துரு. திருவான்மியூர் உப்புக் காத்துல நிக்கிற வண்டி, வேற எப்டி இருக்கும். உப்புத்தாள் போட்டு தேச்சு இறுக்கினேன், அவ்ளோதான்.

பியூஸ் அடிக்கடி போகுதுன்னு சிவப்பு 10 ஆம்ப் இருந்த எடத்துல மஞ்சள் 20 ஆம்ப் சொருகுறவங்க இருக்காங்க, போன பியூஸ் மேல சிகரெட் பாக்கெட்டோட ஜிகினா பேப்பர சுத்துறவங்களும் இருக்காங்க. பியூஸ் இருக்கறதே ஒயரக் காப்பாத்தத்தான், அது போகலன்னா ஒயர் எரியும்.

ஒயர்ல ஊசி குத்தி செக் பண்றதும் வேணாம், அந்த ஓட்டை வழியா மழைத்தண்ணி இறங்கி உள்ள காப்பர் பச்சையாயிடும், ஆறு மாசம் கழிச்சு புதுசா ஒரு கோளாறு வரும். கப்ளரோட பின்பக்கமா மெல்லிசு பின் விட்டுப் பாருங்க. மஞ்சள் கலர் கப்ளர் மட்டும் கைய வெக்காதீங்க, பெரும்பாலும் ஏர்பேக் லைன்தான் அது.

டயகிராம் தேடும்போது போன்ல முதல்ல வர்ற படத்த நம்பிடாதீங்க, ஒரே மாடல்லயே பெட்ரோலுக்கு ஒண்ணு டீசலுக்கு ஒண்ணுனு இருக்கும், வருஷம் மாறினா ஒயர் கலரும் மாறலாம். வண்டியோட குடுக்குற புக்குல பியூஸ் பாக்ஸ் சார்ட்தான் இருக்கும், முழு சர்க்யூட் வேணும்னா சர்வீஸ் மேனுவல்தான். படம் கெடைக்கற வரைக்கும் ரிலே அடில இருக்கற நம்பரே பாதி வழி சொல்லும்: 85, 86 ரிலேவ இயக்குற காயில், 30ல சப்ளை வரும், 87ல லோடுக்குப் போகும்.