பூனைக்கு எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது: நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

"நாங்க சாப்பிடுற எல்லாத்தையும் எங்க பூனையும் சாப்பிடும்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கும். நம் வீட்டுக்குள் வந்து எத்தனை தலைமுறை ஆனாலும், பூனையின் உடம்பு இன்றும் எலியையும் குருவியையும் பிடித்துத் தின்னும் பிராணியின் உடம்புதான். அதற்கு ஒத்துக்கொள்ளாத உணவுகளில் பல, அன்றைக்கே கெடுதலைக் காட்டுவதில்லை. சில நாள் கழித்துக் காட்டும், சில மாதம் கழித்துக் காட்டும். "நேற்றும் போட்டேன், ஒன்றும் ஆகலையே" என்ற நினைப்புதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

மீன் குழம்புச் சோற்றையே எடுத்துக்கொள்வோம். மிச்சக் குழம்பில் சோற்றைப் பிசைந்து, மேலே ஒரு துண்டு மீனை வைத்துப் போடுவது பல வீடுகளில் வழக்கம். அந்தக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் கரைந்திருக்கின்றன. இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வதக்கினாலும் வேக வைத்தாலும் பொடி செய்தாலும் அந்தக் குணம் போகாது. பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே ரத்தத்தைப் பாதிக்கப் போதும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம். நாய் இதைப் போல மூன்று மடங்கு வரை தாங்கும், பூனை தாங்காது. பூண்டு வெங்காயத்தைவிடக் கடுமையானது. ஒரே வேளையில் இவ்வளவும் உள்ளே போக வேண்டும் என்பதில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் பாதிப்பு வரும்.

அறிகுறி தெரிய இரண்டு மூன்று நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பூனை படுத்தே கிடக்கும், மூச்சு வேகமாக வாங்கும், சிறுநீர் பழுப்பாகப் போகும். மேல் உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்தோ மஞ்சள் பாய்ந்தோ இருந்தால் காத்திருக்கக் கூடாது. அதற்குள் வீட்டில் எல்லோருக்கும் குழம்பு மறந்துபோயிருக்கும் என்பதுதான் சிக்கல். மருத்துவர் கேட்டால் "வழக்கமான சாப்பாடுதான்" என்று சொல்லிவிடுவோம்.

இதற்கு வழி மிகச் சுலபம். மீனைக் கழுவியதும், மசாலா தடவும் முன்பே ஒரு துண்டைத் தனியாக எடுத்துவிடுங்கள். உப்பு, புளி, மஞ்சள்தூள் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் வேக வையுங்கள். ஆறியதும் நடுமுள்ளை உருவி எடுத்துவிட்டு, சதையை விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். ஓரங்களில் மயிர் போல மெல்லிய முட்கள் தட்டுப்படும், அவற்றையும் எடுத்துவிடுங்கள். கோழி எலும்பும் அப்படித்தான். வெந்த எலும்பு கூராகப் பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும்.

"பச்சையாகவே போடலாமே, காட்டில் பூனை சமைத்தா சாப்பிடுகிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. கெண்டை, நெத்திலி போன்ற சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. தினமும் பச்சையாகத் தின்றுவந்தால் சில வாரங்களில் பூனை தள்ளாடும், தலையைத் தூக்க முடியாமல் தாடை மார்பை ஒட்டித் தொங்கும், வலிப்பும் வரலாம். வேக வைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். மத்தி போன்ற எண்ணெய் மீனையே எந்நேரமும் போடுவதும் சரியில்லை. வைட்டமின் இ குறைந்து உடல் கொழுப்பில் வலியுள்ள வீக்கம் உண்டாகும். கருவாடு வேண்டவே வேண்டாம், அத்தனை உப்பு அந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது.

பால் விஷமில்லை. ஆனால் தாய்ப்பாலை மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது, வயிற்றுப்போக்கு வரும். தாயில்லாக் குட்டிக்குப் பசும்பால் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. பூனைப் பாலில் உள்ள அளவு புரதம் அதில் இல்லை. குட்டிகளுக்கென்றே பால் பொடி கிடைக்கிறது.

அசைவம் சமைக்காத வீடுகளில் வளரும் பூனைகளை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. தயிர்சாதம், இட்லி, பிஸ்கட் என்று பாசமாகவே போடுகிறார்கள், பூனையும் தின்கிறது. ஆனால் டாரின் என்ற சத்தைப் பூனையால் தேவையான அளவு உற்பத்தி செய்துகொள்ள முடியாது. அது இறைச்சி, மீன் வழியாகத்தான் கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்துபோகும். 1987-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை நிரூபித்தார்கள். டாரின் கொடுத்ததும் இதயம் தேறியது என்பதையும் காட்டினார்கள். அதன் பிறகுதான் பூனைகளுக்கான பாக்கெட் உணவில் டாரின் அளவைக் கூட்டினார்கள். வீட்டில் கறி, மீன் சமைக்க மனமில்லை என்றால் அந்தப் பாக்கெட் உணவையாவது வாங்கிப் போடுங்கள். நாய் உணவு அதற்கு ஈடாகாது.

ஈரல் சத்தானதுதான், ஆனால் தினம் ஈரலே என்றால் வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்துகொண்டே போய், கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்யக்கூட பூனையால் கழுத்தைத் திருப்ப முடியாது. வாரம் ஒரு நாள் சின்னத் துண்டு போதும்.

சாக்லேட், காபி, டீ, மது எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது. திராட்சையும், பாயசத்தில் போடும் உலர் திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது தெரிந்ததே, பூனைக்கும் வேண்டாம். உணவு இல்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது: பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு மாத்திரை அதன் உயிரைப் பறித்துவிடும்.

அப்புறம் எதைத்தான் கொடுப்பது? உப்பில்லாமல் வேக வைத்த கோழிக்கறி, முழுதாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன். இவையும் இடையில் கொடுக்கும் தீனிதான், முழு உணவாக இருக்க வேண்டியது பூனைகளுக்கான அந்தப் பாக்கெட் உணவு. ஒரு நாளைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகாததைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே பூனையின் உயிரைப் பறித்துவிடலாம். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, பாக்கெட் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

குழம்புச் சோற்றுக்குப் பழகிய பூனையை மாற்ற நினைப்பவர்கள் "பட்டினி போட்டால் தானா சாப்பிடும்" என்று இறங்கிவிடக் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே, முக்கியமாகக் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். வழக்கமாகப் போடும் சோற்றைக் குழம்பு இல்லாமல் எடுத்து, அதில் புதிய உணவைக் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். அதற்கும் முரண்டு பிடித்து ஒரு நாள் முழுக்க வாயே வைக்கவில்லை என்றால், பழகிய சோற்றையே குழம்பு இல்லாமல் போட்டுவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.